சிலிண்டர் என் பெயரில்

காரப்பாக்கம், நான்காம் மாடி, சி வீடு.
வாடகை ஒப்பந்தம் பள்ளியின் பெயரில்.
கரண்ட் பில் சிங்கப்பூரில் இருக்கும் ஓனர் பெயரில்.
லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில்
போன வருஷத்து பிரெஞ்சு வாத்தியாரின் பெயரை
இன்னும் யாரும் அழிக்கவில்லை.
கேஸ் புத்தகத்தில் மட்டும் ஜெ. அற்புதமேரி.
அது நான். அட்மின் ஆபீஸ்.
அவசரத்துக்கு உன் ஆதாரைக் கொடும்மா
என்றார் மேனேஜர்.
அவசரம் மூன்று வருஷமாகத் தீரவில்லை.

லிகாயா ஜூன் மாதம் வந்தாள்
மணிலாவிலிருந்து, விடிகாலை மூன்றரைக்கு.
ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம்.
சாவியோடு பட்டியலையும் நீட்டினேன்:
கட்டில் ஒன்று, வாளி இரண்டு,
பிளாஸ்டிக் நாற்காலி நான்கு, கரண்டி ஆறு,
ஃபேன் மூன்று, அதில் ஒன்று சத்தம் போடும்.
அந்த வரியைப் படித்து
அந்த நேரத்திலும் சிரித்தாள்.
நான்தான் எழுதினேன்.
நாளைக்கு யாரும் கேட்டுவிடக் கூடாதே.

இருபத்து நாலு மணி நேரத்துக்குள்
அவள் எங்கே தூங்குகிறாள் என்று
போலீசுக்கு ஆன்லைனில் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
செம்மஞ்சேரியில் நான் எங்கே தூங்குகிறேன் என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.
அலை வந்த பிறகு
பட்டினப்பாக்கத்திலிருந்து லாரியில் ஏற்றி
எங்களுக்கு ஒதுக்கிய வீடு.
அவள் ஆர்டரிலும் ஒதுக்கியது என்றுதான் இருந்தது,
இங்கிலீஷில்.

ஆகஸ்டில் ஓனரின் அக்கா போன் பண்ணினாள்.
மூன்றாம் மாடி வரை நாறுகிறதாம்,
சைவக்காரர்களுக்கு மட்டும் என்றுதானே கொடுத்தோம்.
எச்சரிக்கைக் கடிதம் டைப் செய்யச் சொன்னார் மேனேஜர்.
நல்லதா கெட்டதா என்று பிடிகொடுக்காத ஒரு சொல்
அந்த பாஷையில் வாசனைக்கு இருக்கிறது.
அதைப் போட்டேன்.
கொடுக்க நானே போனேன்.
கதவு திறந்ததும் தெரிந்துவிட்டது.
கருவாடு.
நம் கவலை மீனைத்தான்
அவர்கள் கடற்கரையிலும் காயப்போடுகிறார்கள்,
உப்பு கொஞ்சம் தூக்கல்.
என் பையில், டிபன் டப்பாவில்,
அன்றைக்கு அதே மீன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.
எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதே,
அதுதான் காட்டிக்கொடுக்கிறது.
அவர்களெல்லாம் வாக்கிங் போகிற ஆறு மணிக்கு வறு
என்றேன்.
இது கடிதத்தில் இல்லை.

ஜனவரியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று
ஒரே ஒரு மெயில்.
முதல் வரியில் வேலை போனது,
நான்காம் வரியில் வீடு.
பத்து நாள்.
உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று கேட்டாள்,
செம்மஞ்சேரிக் கதையை எப்போதோ சொல்லியிருந்தேன்.
ஒரு ராத்திரி என்றேன்.
எழுந்து போய்
இரண்டு பேருக்கு டீ வைத்தாள்.

கடைசி நாள்
பட்டியலைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தோம்.
கட்டில் ஒன்று.
நாற்காலி நான்கு.
கரண்டியை இரண்டு பேரும் எண்ணினோம், ஐந்து.
ஆறு என்று எழுதினேன்.
அந்த ஃபேன் சத்தம் போடவில்லை.
எப்போது ஏறி எண்ணெய் விட்டாளோ.
அதை எழுத
பட்டியலில் கட்டம் இல்லை.

கார் மெட்ரோ தூண்களுக்கு நடுவே திரும்பிப் போனது.
வாட்ச்மேன் அடுத்து யார் என்றான்.
திங்கட்கிழமை ஒருத்தர், பெயர் தெரியாது.

மேலே வந்து சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன்.
பாதி இருந்தது.
ஓனருடையது இல்லை, பள்ளியுடையது இல்லை,
புத்தகப்படி என்னுடையது.
எரிகிறதா என்று பார்க்கத்தான் பற்றவைத்தேன்.
டப்பாவைத் திறந்து
மீனைத் தவாவில் போட்டேன்.
மணி இரண்டரை.
எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டேன்.