ராகி டப்பாவில் பாலன்

முதல் வருஷம் அவருக்கு சி ஷிஃப்ட்.
இருபத்தி நாலாம் தேதி ராத்திரி பத்தேகாலுக்கு
பேடரப்பள்ளி முனையில் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்,
ஸ்வெட்டருக்கு மேல் நீலச் சட்டையோடு.
லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர்
"ஜனவரி ஒண்ணு வேணா பாக்கலாம் பெலிக்ஸ்" என்றாராம்.

ஓசூர்ப் பனியில் இரண்டையும் இழுத்துக்கொண்டு
நடுராத்திரிப் பூசைக்குப் போக எனக்குத் தெம்பில்லை.
சின்னவனுக்கு மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.
வீட்டிலேயே இருந்தோம்,
ஒரு கிலோ மொச்சையோடு.

காலையிலேயே ஊறவைத்தது.
விரலிடுக்கில் வைத்து அழுத்தினால்
தோல் கையில் நிற்கும், பருப்பு எங்கேயோ போகும்.
நிவிட்டா குறிபார்த்துப் பிதுக்கினாள்.
பீரோ அடியில் ஒன்று.
தம்பியின் தலையில் ஒன்று.
ஒன்று நேரே குடிலுக்குள், கழுதையின் காலடியில்.
"அதுக்கும் பசிக்கும்ல" என்று விட்டுவிட்டாள்.

குடில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி.
கீழ்வீட்டு ரத்னம்மா தன் மாட்டுக்கு வாங்கியதில்
ஒரு கைப்பிடி வைக்கோல்.
மூன்று ராஜாக்களில் ஒருவர் வாங்கும்போதே இல்லை,
அந்த இடத்தில் ஏபெலின் மஞ்சள் ஜேசிபி.

பன்னிரண்டுக்கு எங்கோ வெடித்தார்கள்.
பாலனை எடுத்தேன், என் கட்டைவிரல் அளவுதான்.
நிவிட்டா கையைப் பிடித்துக்கொண்டாள்.
"அப்பா வரட்டும்."
"அப்பா காலையிலதான்டி வருவாரு."
"அப்ப பாப்பாவும் காலையிலதான் வரும்.
அதுக்கும் நைட் ஷிஃப்ட்."

பூனை தூக்கிவிடும் என்று
அவளே ராகி டப்பாவுக்குள் படுக்கவைத்தாள்.
மூடியை முழுக்க இறுக்கவில்லை,
மூச்சுக்காக.

ஆறேமுக்காலுக்கு பெல் அடித்தது.
கண்ணெல்லாம் சிவந்து, கையில் மெஷின் ஆயில் வாடையோடு,
ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றவரிடம்
மாவு அப்பிய பாலனை நீட்டினாள்.
அவர் வாங்கி ஊதினார்.
இன்னொரு தரம் ஊதினார்.
வைக்கோலில் வைத்தார்.
பாட்டெல்லாம் இல்லை, குக்கர்தான் மூன்று விசில் விட்டது.
களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு.
பாதி உருண்டையிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார்.
கேக் வாங்கவில்லை என்பதே
எங்களுக்குச் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் வருஷம் ஜெனரல் ஷிஃப்ட்.
ஆட்டோ சொல்லிவைத்து, நால்வருக்கும் மப்ளர் சுற்றி,
பூசை பார்த்துவிட்டு ஒன்றரைக்கு வீடு திரும்பினோம்.
குடிலில் எல்லோரும் இருந்தார்கள், ஜேசிபி உட்பட.
பாலனைக் காணோம்.
டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு
கட்டிலில் நிவிட்டா.

"இப்பவே வெச்சிடலாமே, அப்பாதான் இங்கயே இருக்காரே."
"வேலைக்குப் போயிட்டு வந்தாத்தான் கிறிஸ்துமஸ்."

போன வருஷம் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு
நான் அழுதது அவளுக்குத் தெரியாது.
அவள் கணக்கில் அதுதான் முறை.

நான் அவரைப் பார்த்தேன்.
அவர் அலாரம் வைத்தார்.

ஆறரைக்கு லுங்கிக்கு மேல் நீலச் சட்டை மாட்டி,
வெறுங்காலை ஷூவுக்குள் நுழைத்து,
காலி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.
பால் கறந்துகொண்டிருந்த ரத்னம்மா
பண்டிகையன்னிக்குமா வேலை என்று
தெலுங்கில் கேட்டது மாடிவரை கேட்டது.
அவர் என்ன சொன்னாரோ, இருவரும் சிரித்தார்கள்.
பிறகு சத்தமே இல்லை.
நிஜமாகவே பஸ் நிற்கும் முனைவரை
அந்தப் பனியில் நடந்திருப்பார் போல,
அவ்வளவு நேரமானது.

பெல்.

இந்தத் தடவை ஏபெல் முந்திக்கொண்டான்,
டப்பாவைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு,
சமையலறையிலிருந்து வாசல்வரை
ராகி மாவு கொட்டக் கொட்ட.