பத்துக்கு எத்தனை

மூன்றாம் மாத முடிவில் நான் அழைப்பேன்.
ரீகாவில் பிப்ரவரி, மணி நான்குதான்,
வெளிச்சம் அதற்குள் கடையைக் கட்டிக்கொண்டிருக்கும்.
"கண் மருத்துவமனையிலிருந்து விஸ்மா பேசுகிறேன்,
ஐந்து நிமிடம் கிடைக்குமா?"
கிடைக்கும்.
புதுக் கண் வாங்கியவர்கள் தாராளமானவர்கள்.

பத்து என்பார்கள், கேள்வி முடியும் முன்.
மழையில் நடந்தேன், துடைக்க ஒன்றுமில்லை, பத்து.
தலையணைக்கடியில் தடவாமல் மணி பார்த்தேன், பத்து.
தவணை இன்னும் பதினான்கு பாக்கி,
இருந்தாலும் பத்து.
லேசர் ஓடும்போது மயிர் கருகும் வாசனை வந்ததே,
அதை ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை என்று
ஒருவர் கோபித்துக்கொண்டார்.
கோபித்துக்கொண்டே பத்து கொடுத்தார்.

ஐனார்ஸ்தான் யோசித்தார்.
பதினோராம் எண் டிராமின் ஓட்டுநர்.
வலது மைனஸ் ஏழு, இடது ஏழே கால்,
இன்று இரண்டும் பூஜ்யம் என்கிறது கோப்பு.
"ஏழு," என்றார்.

கோப்பின்படி அது வரக்கூடாத எண்.

கண் உலர்கிறதா?
சொட்டு மருந்து இருக்கிறது, பரவாயில்லை.
இரவில் விளக்கைச் சுற்றி வளையம்?
"உண்டு. எதிரே வரும் டிராம் ஒவ்வொன்றும்
தேவாலயச் சுவரின் புனிதர் போல
தலையில் வட்டத்தோடு வருகிறது.
அதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை."

பிறகு எதற்கு மூன்று?

கெண்டி சீறியது.
போய் அணைத்துவிட்டு வந்தார்.

"ராத்திரியில் அஸ்னாதேயும் நானும் சண்டை போடுவோம்.
இருபத்திரண்டு வருடமாக.
பணம், அல்லது அவள் தம்பி.
எங்கே நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பேன்,
டக்.
அதற்குமேல் அவள் முகம் வெறும் மாவு உருண்டை.
முறைக்கிறதா அழுகிறதா தெரியாது.
தெரியாத முகத்தோடு என்ன சண்டை?
கண்டும் காணாமல் இருக்கிற மனுஷன் என்று
என் மாமியார் ஊரெல்லாம் புகழ்ந்தாள்.
குணமில்லை விஸ்மா அது,
மைனஸ் ஏழு."

படிவத்தில் 'வேறு குறிப்புகள்' என்று
அரை அங்குலம் விட்டிருக்கிறார்கள்.

"இப்போது விளக்கை அணைத்த பிறகும் தெரிகிறது.
தெருவிளக்கு சன்னலில்,
அவள் கண் விரியத் திறந்திருக்கிறது.
இத்தனை வருடமும் இப்படித்தான்
திறந்திருந்ததா என்று கேட்கலாம்.
கேட்கவில்லை.
கை மட்டும் மூக்குக்குப் போய்
இல்லாத ஒன்றைக் கழற்றப் பார்க்கிறது."

பதினொன்றாவது கேள்வி மிச்சமிருந்தது.
பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?

சிரித்தார். முதல் தடவை.
"அவளுக்கே சொன்னேன். அவளுக்கும் மைனஸ் நாலு.
தம்பதிக்குத் தள்ளுபடி உண்டாமே?
வேண்டாம் என்றுவிட்டாள்.
வீட்டில் யாராவது ஒருத்தர்
கழற்றி வைக்க வேண்டாமா என்றாள்.
சொல்லிவிட்டுத் தன்னுடையதைக் கழற்றி
என் பழைய இடத்தில் வைத்தாள்,
டக்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
கோப்பையில் தண்ணீர் விழும் சத்தம்.

"எட்டு என்று போட்டுக்கொள்ளுங்கள்."

ஏழை அழித்து எட்டு போட்டேன்.
அரை அங்குலத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஊழியர்களுக்குப் பாதி விலை.
எப்போது உன் முறை என்று டாக்டர்
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்கிறார்,
அடுத்த வருடம் என்கிறேன்.

அடுத்த எண்ணை அழுத்தும் முன்
கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தேன்.
திரையில் எது பத்து எது எட்டு
ஒன்றும் தெரியவில்லை.
துடைத்து முடித்த பிறகும்
கொஞ்ச நேரம் துடைத்தேன்.