சாகப்போவது ஏழு

விடிகாலை மூன்றரை.
மாதவரம் பாலம் இறங்கும் இடத்தில்
கடியத்து லாரி நிற்கிறது,
தார்ப்பாய்க்குள் ஈரமாக மூச்சு விட்டபடி.
விடிவதற்குள் குட்டி யானைக்கு மாற்றி
அம்பத்தூர் கொண்டுபோக வேண்டும்.
அப்புறம் நகரம் லாரிகளுக்குக் கதவைச் சாத்திவிடும்.

நான் பூவைப் பார்ப்பதில்லை.
பூ, பெண்பார்க்கும் நாளின் புடவை.
ஒரு செம்பருத்தியை அடித்தண்டில் பிடித்துக்
கவிழ்த்துப் பையை உருவுவேன்.
வேர்நுனி வெள்ளையாக இருந்தால் பேசலாம்.
பழுத்துச் சுருண்டு
பையின் வடிவத்தை மனப்பாடம் செய்திருந்தால்
மறுபடி பைக்குள் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போய்விடுவேன்.

இப்படித்தான் சிலரைக் கடந்து வந்தேன்.

ஓசூர்க்காரர் பெரிய காரில் வந்தார்.
இருநூற்றுப் பதினான்கு வகை, வழவழத்தாளில் படம்,
விலையோ கொள்ளை மலிவு.
அனுப்பிய கள்ளிகளின் தலையில்
காய்ந்த பூவைப் பசைபோட்டு ஒட்டியிருந்தது.
யூனிபார்ம் போட்ட பொடியன் ஒருவன்
நகத்தால் நெம்பிப் பார்த்துச் சொன்னான்:
"அக்கா, இது விக்கு வெச்சிருக்கு."

செங்குன்றம் ஜோதிலிங்கம்.
முதல் லோடு தங்கம்.
இரண்டாவதும் தங்கம்.
மூன்றாவதில் ரோஜா என்று சொல்லிக் குச்சி.
இழுத்தேன். சத்தமே இல்லாமல் வந்துவிட்டது,
வாழைப்பழத்தில் செருகிய ஊதுபத்தி மாதிரி.

இன்னொருவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.
பாக்கி இருக்கிறது.
நான் தர வேண்டியது.

சத்திபாபுவை நான் பார்த்ததே இல்லை.
ஒரு குரல், ஒரு வங்கிக் கணக்கு,
முக்கால் தெலுங்கு, கால் தமிழ்.
மழை என்றால் "ஈ வாரம் வத்தம்மா" என்பார்,
நான் எத்தனை கெஞ்சினாலும்.
இரண்டு வருஷத்துக்கு முன் வந்த முதல் பில்லில்
இட்லிப்பூ நூற்றைம்பது, நந்தியாவட்டை அறுபது,
அதற்கும் கீழே டிரைவரின் கோணல் தமிழில்,
நீல மையில்:
"சாகப்போவது ஏழு. காசு வேண்டாம்."

ஏற்றும்போதே தெரிந்திருக்கிறது அவருக்கு.
எவை என்று எழுதவில்லை.
பத்து நாள் எண்ணிக்கொண்டே தண்ணீர் விட்டேன்,
பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல.
செத்தது ஆறு.

ஏழாவதைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.
அந்த நந்தியாவட்டை
நாற்பது ரூபாய்க்குப் பாடியிலிருந்து வந்த
ஹைருன்னிசாவின் ஸ்கூட்டியில் ஏறிப் போனது.
முழு லாபம். மறந்தும் போனேன்.

போன மாதம் அவள் ஒரு படம் அனுப்பினாள்.
மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி,
தொட்டியை விட உயரமாக அது.
இலை தெரியாமல் வெள்ளை.
"உங்க கடைன்னா நம்பி வாங்கலாம்க்கா"
என்று அடியில் ஒரு வரி.

நல்ல சப்ளையரைத் தேடி
ஊரெல்லாம் பையை உருவியவள் நான்.
என் பையை
யாரும் உருவிப் பார்த்ததில்லை.

இந்த மாதக் கணக்கோடு
நாற்பது ரூபாய் சேர்த்து அனுப்பினேன்.
சாயந்திரமே போன்:
"அம்மா, நாப்பது எக்குவா வந்திந்தி?"
சொல்லியிருக்கலாம்.
"தப்பா வந்திருக்கும்" என்றேன்.
பக்கத்தில் யாரோ தெலுங்கில் சிரித்தார்கள்.
என்னைப் பார்த்து இல்லை, தெரியும்.
ஆனாலும் காது சுட்டது.

இப்போது லாரி வெளிச்சத்தில்
புதுப் பில்லைப் பிரிக்கிறேன்.
செம்பருத்தி நூறு. அரளி எண்பது.
சாகப்போவது மூன்று.
அதற்கும் கீழே, அதே நீல மையில்:
"போன தடவை அதிகம் வந்த நாற்பது. கழித்தாச்சு."

டிரைவர் கொட்டாவி விடுகிறார்.
"இறக்கலாமாம்மா?"

இறக்குங்க என்றேன்.

என்றாலும்
ஒரு செம்பருத்தியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான்.