நிலையான முகவரி

நேரு பிளேஸ் அடித்தளக் கடையில்
ஹார்ட் டிஸ்க்கைத் தேங்காய் போலத் தட்டிப் பார்த்தேன்.
குர்ப்ரீத் சிரித்தார்:
"தட்டினால் தெரியாது மேடம், ஓடினால்தான் தெரியும்."
மூடிப்போன ஏதோ அலுவலகத்தின் பெட்டி,
நெற்றியில் இன்னும் சொத்து எண்:
கணக்குப் பிரிவு, பதினேழு.
இரண்டு டிஸ்க், எட்டு ஜிபி ராம்,
கொசுறாக ஒரு பிடி ஸ்க்ரூ.
மெட்ரோ வாசலில் காவலர் கேட்டார், இது என்ன?
அலமாரி என்றேன்.
இரண்டு மொழிக்கும் பொதுவாக
அந்த நேரத்தில் கிடைத்த ஒரே சொல்.

முனிர்க்காவின் நான்காவது மாடியில்
டிஸ்க்குகளின் ஜாதகம் பார்த்தேன்.
மூத்தது விழித்திருந்த நேரம்
நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு மணி.
நாலே முக்கால் வருஷம் கண் மூடவில்லை, பாவி.
உள்ளே யாரோ ஒரு பல் டாக்டர்
அழித்துவிட்டதாக நம்பிய எக்ஸ்ரேக்கள்;
பெயரில்லாத வாய்கள், கறுத்த கடைவாய்கள்.
இரவு முழுக்க அவற்றின் மேல் பூஜ்யம் எழுதினேன்.
ஒன்றுமில்லை என்றும் பொருள் அதற்கு,
கும்பிடத் தக்கது என்றும்.
விடிந்தபோது
ஒன்றுமில்லாமல் கும்பிடும்படி இருந்தது டிஸ்க்.

அதில் என்ன வைத்தேன்?
ஏழு வாடகை ஒப்பந்தங்கள்,
ஏழு காவல்நிலையச் சரிபார்ப்புப் படிவங்கள்,
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்த என் முகம்.
அறைத்தோழி ரின்புயி
தேவாலயக் குழுப்பாட்டுகளைக் கொட்டினாள்,
ஐஸ்வால் மழையோடு சேர்த்துப் பதிவானவை.
இரண்டு டிஸ்க்கிலும் ஒரே எழுத்து:
ஒன்று செத்தால் இன்னொன்று பேசும்.
ஆனாலும் தவறாக எதையாவது அழித்தால்
இரண்டும் சேர்ந்தே மறக்கும்.
கண்ணாடி கேள்வி கேட்பதில்லை.

ரவுட்டரில் அதற்கு ஒரு எண் ஒதுக்கினேன்.
கடைசியில் நாற்பது.
அணைத்துப் போட்டாலும் அதே நாற்பது.
என் ஆதார் இன்னும் லட்சுமி நகரில் குடியிருக்கிறது,
கேஸ் புத்தகம் காளு சராயில்.
வங்கிக்காரர்கள் எனக்கு எங்கே கடிதம் போடுகிறார்கள் என்று
எனக்கே தெரியாது.
இந்த அறையில் நிலையான முகவரி உள்ள
ஒரே ஆள் அதுதான்.

மே மாதம் ஆந்தி அடித்த மாலை
ஜன்னலை மூடும் முன்பே ராஜஸ்தான் உள்ளே வந்துவிட்டது.
மூடியைக் கழற்றி
பெயிண்ட் பிரஷ்ஷால் மண் கூட்டினேன்.
கூலர் பக்கம் வைத்தால் ஈரம்,
சுவர்ப் பக்கம் வைத்தால் சூடு.
ஐம்பத்துநான்கு டிகிரி.
எனக்கு அந்த அளவு காய்ச்சல் வந்தால்
யாராவது விடுப்பு தருவார்கள்.

ஜூனில் மூத்தது டிக் டிக் என்றது.
நின்றது.
குர்ப்ரீத்திடம் புதிதாக, புதிது என்றால் எங்களுக்குப் புதிதாக,
ஒன்று வாங்கி மாட்டினேன்.
இளையது நினைவிலிருந்து சொல்லச் சொல்ல
புதியது எழுதிக்கொண்டே வந்தது,
பதினான்கு மணி நேரப் பாடம்.
எழுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
வீட்டுக்காரரின் இன்வர்ட்டரில்
எங்கள் பங்கு ஒரே ஒரு ப்ளக்.
ஃபேனா, பெட்டியா?
ரின்புயி எதுவும் பேசவில்லை.
ஃபேன் வயரைப் பிடுங்கினாள்,
பீட்ஸா அட்டையைக் கிழித்தாள்,
பெட்டிக்கு விசிறினாள்.
கை வலித்ததும் என்னிடம் நீட்டினாள்.
எழுபத்தெட்டு. எண்பத்தொன்று.
வேர்வை சொட்டி விடுமோ என்று
தள்ளி உட்கார்ந்து விசிறினோம்.
தொண்ணூற்றாறில் அவள் தூங்கிப்போனாள்.
நூறை நான் மட்டும் பார்த்தேன்.
எழுப்பவில்லை.

ஆகஸ்டில் வீட்டுக்காரர்
மகனுக்குக் கல்யாணம் என்றார்.
எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரு மகன் இருக்கிறான்,
பதினோராவது மாதத்தில் அவனுக்குக் கல்யாணம்.
டெம்போவில் மெத்தையும் பாத்திரமும் போயின.
பெட்டி மட்டும் ஆட்டோவில், என் மடியில்,
ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் மூச்சைப் பிடித்தேன்.

ஷேக் சராயில் புது ரவுட்டர், புதுக் கடவுச்சொல்.
முதலில் அதன் பெயருக்கு நேரே
நாற்பது என்று எழுதினேன்.
அப்புறம்தான் பால் காய்ச்சினோம்.
பாட்டெல்லாம் இருக்கிறதா என்று ரின்புயி பார்க்கப் போனாள்,
நானும் எட்டிப் பார்த்தேன்.
பின்னால் பால் பொங்கி வழிந்து
அடுப்பு அணைந்திருந்தது.
ஐஸ்வாலில் மழை பெய்துகொண்டிருந்தது.