லெவோ, டோப்போ

இரவுப் பணி மருந்தகத்தின் பச்சைச் சிலுவை
ஒருமுறை மினுங்கி, ஒருமுறை திணறுகிறது.
மேஸ்த்ராலே காற்று வீசும் நாள்களில்
கால்யரியில் விளக்குக்கும் மூச்சு முட்டும்.

பெட்டிகளை அகர வரிசையில்தான் அடுக்குகிறேன்.
ஆனாலும் என் விரல்கள் முதலில் தடவிப் பார்ப்பது
ஒவ்வொன்றின் தலையெழுத்தை.

செஃப் என்றால் தலை.
கிரேக்கர்களுக்குத் தலை, எங்கள் ஊருக்குச் சாக்கடை.
சு சிக்குவில், நகரத்தின் கழிவு
கடலில் விழும் வாயருகே
நீர் தானாகத் தெளிவதைக் கண்டு
போர் ஓய்ந்த ஆண்டில் ஒரு மருத்துவர்
மொண்டு போனார் கொஞ்சம்.
அதில் வளர்ந்த பூஞ்சைக்குத்
தலை தலையாய் வித்துகள்.
இன்று எந்த நாட்டு ஆஸ்பத்திரியிலும்
நிமோனியாக்காரர் நரம்பில் இறங்கும் ஊசி
எங்கள் கழிப்பறைகளின் கொள்ளுப்பேத்தி.
சொன்னால் வாங்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
சொல்லாமல் இருக்க எனக்கு வந்ததில்லை.

பெக் என்றால் மேலங்கி:
சிறுநீரகம் சீக்கிரம் வாசலைக் காட்டிவிடாதபடி
மருந்துக்குப் போர்த்தி அனுப்பும் நீண்ட பிசின்.
எஸ் என்று முன்னால் ஒட்டிக்கொண்டால்
பழைய மாத்திரைதான், பாதியைக் கழித்தது.
பெயரில் கூட்டிவிட்டார்கள், விலையிலும்.
விற்பனைப் பிரதிநிதி இதை விளக்கும்போது
அவன் கழுத்துப்பட்டைகூட அசைவதில்லை.

பத்தரை மணிக்கு கொனாரியோ வந்தார்,
துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர்.
பெட்டியைக் கவுண்டரில் இறக்கினார்,
கொள்கலனை இறக்குவதுபோல் மெல்ல.
"இது வேலை செய்யவில்லை.
இன்யாசியா காப்பிக் கோப்பையை எடுத்தால்
தட்டில் தந்தி அடிக்கிறது."

எப்போது கொடுக்கிறீர்கள்?

"அதில்தான் எழுதியிருக்கிறதே."
தடித்த விரலால் ஒவ்வொரு அசையாய்த் தொட்டார்.
லெவோ. டோப்பா.

எங்கள் பேச்சில் லெவோ என்றால் எடுத்துவிடுகிறேன்.
டோப்போ என்றால் பிறகு.
நடுவில் நிற்பது ஒரே ஓர் உயிரெழுத்து.

"நடுக்கத்தை எடுத்துவிடும், சாப்பாட்டுக்குப் பிறகு.
சூரை மீன், ஆட்டுப் பாலாடைக்கட்டி, வயிறு நிறைய.
பிறகு மாத்திரை.
ஒரு நாள் தவறவிட்டதில்லை நான்."

நான் சிரிக்கவில்லை.
மீனின் புரதமும் இந்த மருந்தும்
குடலில் ஒரே வாசலுக்கு முண்டியடிப்பவை.
மீன் பெரிய குடும்பம், முன்னால் நுழைந்துவிடும்.
இத்தனை மாதமாய் மாத்திரை
வெளியே வரிசையில் நின்றிருக்கிறது,
அந்த மனிதரைப் போலவே பொறுமையாக.

கைகளை வையுங்கள் என்றேன்.
வைத்தார், இரண்டையும், கண்ணாடிமேல்.
அதே ஐந்து விரல், அதே நீளம்,
ஒன்றின் உறை மற்றதற்குச் சேராது.
இந்த மருந்துக்கும் இப்படி இரண்டு உண்டு.
வலது உதவாது, ரத்தத்தைக் கெடுக்கும்.
இடதை மட்டும் பிரித்து அடைத்திருக்கிறார்கள்.
லெவோ என்பது லத்தீன், கொனாரியோ.
இடது. அவ்வளவுதான். எதையும் எடுப்பதில்லை.

நெடுநேரம் தன் கைகளையே பார்த்தார்.
"அவளுக்கு ஆடுவதும் இடது கைதான்."
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன்.
"இருக்கட்டும்" என்றார்.

வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து
தடித்த பேனாவால் ப்ரீமா என்று எழுதினேன்.
முன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்.
பெயருக்கு இடப்பக்கம், லெவோவுக்கும் முன்னால்
அழுத்தி ஒட்டினேன்.
ஜெனீவாவில் எந்தக் குழுவும்
ஒப்புதல் தராத முன்னொட்டு.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார்.
வாங்கியது பற்பசை மட்டும்.
கோப்பை? என்றேன்.
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"காலையில் சத்தமில்லை.
மத்தியானம் கொஞ்சம்."