மூன்றடி

வெளியே நாற்பத்திரண்டு அடி.
உள்ளே முப்பத்து நாலு.
வாசலில் அளந்த சுவர்க்கனம் இரண்டரை,
முன்னும் பின்னுமாய் ஐந்தைக் கழித்தாலும்
மூன்றடி எங்கோ நிற்கிறது.

"திரும்பப் பிடிக்கவா மிஸ்?"
நாடாவின் மறுமுனையில் ரிஃப்கான்.
மூன்றாம் தரமும் அதுவே.
மூன்றடி மண் கேட்டு வந்தவன் கதை தெரியும்,
இது கேளாமல் கிடக்கிற மூன்றடி.

புளியந்தீவில் வாவிக்கு முதுகு காட்டி
லூசியாள் சிற்றாலயம்.
பறங்கியர் கட்டியது, ஒல்லாந்தர்
வெடிமருந்து அடுக்கியது என்கிறது கோப்பு.
எழுபத்தெட்டுச் சூறாவளி ஓட்டைக் கொண்டுபோனதை
மேலே பார்த்தாலே தெரிகிறது: தகரம்.

சாந்தைச் சுரண்டினேன்.
வேகாத சிப்பி ஒன்று நகம்போல் மினுங்கியது.
வாவியில் அள்ளி, அவித்து,
சதையைத் தின்றுவிட்டு ஓட்டைச் சூளையில் போட்டிருக்கிறார்கள்.
முருகைக்கல்லை இத்தனை காலம் பிடித்து நிற்பது
யாரோ பசியாறிய மிச்சம்.

வடக்கு ஜன்னலைக் கல் வைத்து அடைத்திருக்கிறது.
கண்ணுக்குக் காவலான புனிதைக்கு
ஒரு கண்ணில் பூ விழுந்த மாதிரி.

திறப்புக் கொண்டுவந்த இர்மா பல்தசார்
பட்டறையிலிருந்து நேரே வந்தவள்,
வெல்டிங் கண்ணாடி இன்னும் நெற்றியில்.
பீடத்தின் பின்னால் நான் தட்டிக்கொண்டே போகப்
பேச்சை நிறுத்தினாள்.
கல். கல். கல்.
பிறகு வெறும் பானையின் சத்தம்.

"ஒல்லாந்தருக்குப் பயந்து
சுரூபத்த ஒளிக்கக் கட்டினதாம். அது எனக்குத் தெரியா.
தொண்ணூறில, சுத்திவளைப்பு நேரம்
எங்கட ஓஸ்வின் பதினொரு நாள் அதுக்குள்ள நிண்டவன்.
இருக்க இடமில்ல, நிண்டவன்தான்.
பூசைக்கு மணி அடிக்கக்குள்ள மட்டும் இருமுவான்."

"மறுகா?"

"மறுகா என்ன? வெளியால வந்தான்.
இப்ப மெல்பேர்ணில. ஆளுக்கு நாரி வருத்தம்."

ரிஃப்கான் சிரித்தான், நானும்தான்.
அவள் என் வரைதாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இத ஆரெல்லாம் பாப்பாங்க?"
"கொழும்பில, திணைக்களத்தில."
"ம்," என்றாள்.
தகரத்தில் காகம் ஒன்று நடந்தது,
இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை.

கட்டடம் வரைய ஒரு விதி உண்டு:
சுவரைக் கோடிட்டு நிரப்பவேண்டும்,
வெளியை வெள்ளையாய் விடவேண்டும்.

பென்சிலைச் சீவினேன்.
பின்சுவர், ஐந்தரை அடி என்று எழுதி
நெருக்கமாய், ஒன்றோடொன்று ஒட்டக்
கோடுகளை இழுத்தேன்.
ஓரிடத்தில் மட்டும் கை கொஞ்சம் தயங்கிற்று,
ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கிற அகலத்துக்கு.

மேலிடத்தில் கேட்டால்
சொல்லலாம், பறங்கியர்
கனமாய்த்தான் கட்டுவார்கள்.