சான்றிதழ் இலக்கம் 212

சிறுபோகம் வெட்டி முடிந்த கிழமை.
பரந்தன் அரிசி ஆலையின் அலுவலகத்தில்
மின்விசிறி உமித்தூசியைச் சுற்றிச் சுற்றி
எனக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தது.

மேசை லாச்சிக்குள் ஒரு கடிதம்.
கொழும்பிலிருந்து. நீல மையில் கையெழுத்து.
கம்பனியை முழுதாக வாங்க வருகிறார்கள்,
நூறு ரூபாய்ப் பங்குக்கு ஆயிரத்து நூறு.
பணிப்பாளர் சபை கூடும் வரைக்கும்
ஏழு பேருக்கு மட்டும் தெரிந்த எண்.
ஏழு பேரில்
அதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அந்த நேரம் பார்த்துத் தவமலர் அக்கா வந்தா,
உருத்திரபுரத்திலிருந்து சைக்கிளில்.
பொலித்தீன் உறைக்குள் சான்றிதழ்.
இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு, பங்கு அறுபது.
திரும்பி வந்து விளைந்த முதல் காலபோகத்தில்
நாலு மூடை நெல் நிறுத்துக் கொடுத்து
எழுதின பங்கு.
"பம்பு எரிஞ்சு போச்சுது.
அறுபதையும் நீங்களே எடுங்கோவன்.
நூறுக்கு நூறு. கூடக் கேக்கேல்லை."

ஆறாயிரம்.
என் சேர்ட் பையில் அதைவிடக் கூட இருந்தது.

நியமனக் கடிதம் தந்த அன்று
வவுனியாச் சட்டத்தரணி அனுசூயா சொன்னது:
"கம்பனி அறிந்தது கம்பனியின் சொத்து.
அதை வைத்து நீங்கள் வாங்க ஏலாது."
பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு,
"வெளியில் சொல்லவும் ஏலாது."
முதலாவதற்கு அன்றைக்கே தலையாட்டிவிட்டேன்.
இரண்டாவதன் நிறை
இன்றுவரை தராசில் ஏறவில்லை.

வாங்கினால் கள்ளன்.
"ஒரு மாதம் பொறுங்கோ" என்றால்
முரசுமோட்டை முழுக்க நாள் எண்ணும்.
கொழும்புக்காரன் பின்வாங்குவான்.
நானூற்றுப் பதினேழு பேரின் விலை
என் இரக்கத்தில் நனைந்து
மூடைக்குள்ளேயே முளைத்துப்போகும்.

"நான் வாங்க ஏலாது அக்கா."
"காசில்லையோ?"
"காசு இருக்கு."
"அப்ப?"

அவ சான்றிதழை வெளிச்சத்துக்குப் பிடித்தா,
எங்கேயும் ஓட்டையோ என்று பார்ப்பதுபோல.
"கம்பனி விழப்போகுதோ தம்பி?"
இல்லை என்பதும் ஒரு தகவல்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பம்புக்குக் கடனாகத் தாறன் என்றேன்.
பங்கை ஈடாக வைக்கிறன் என்றா.
ஈடு வேண்டாம், அதைத் தொடவும் மாட்டேன் என்றேன்.
ஈடில்லாமல் வாங்க நான் பிச்சைக்காரியோ
என்று சைக்கிளைத் திருப்பினா.

இருட்டமுதல்
கண்டாவளைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில்
மனேச்சரே வேண்டாமெண்டிட்டாராம்.
பங்கு எண்பதுக்கு இறங்கினது.

திங்கட்கிழமை மாற்றுப் பதிவேடு மேசைக்கு வந்தது.
இலக்கம் 212. பங்கு அறுபது. விலை எண்பது.
இன்னும் எட்டுப் பெயர் அதே பக்கத்தில்.
வாங்கியவர் எல்லாவற்றுக்கும் ஒருவரே,
ஏழு பேரில் ஒருவரின் மைத்துனர்.
போன பொங்கலுக்கு அவர் வீட்டில்
நான் சாப்பிட்டிருக்கிறேன்.

என் கையெழுத்துக்கு விட்ட புள்ளிக்கோடு
வெறுமையாய்க் கிடந்தது.
அதை அப்படியே விட்டு
சபைக் கூட்ட நிகழ்ச்சிநிரலை எடுத்தேன்.
மூன்றாவது, கொழும்புக் கடிதம்.
அதற்கு மேலே இடம் போதவில்லை;
நெருக்கி எழுதினேன்,
பெயரும், மைத்துனரின் பெயரும்,
ஒன்பது சான்றிதழ் இலக்கங்களும்.

நான் வாய் திறக்கலாம் என்று
சட்டம் விட்டிருக்கிற ஒரே அறை அது.
ஏழு கதிரை.
ஒன்று எனக்கு நேர் முன்னால்.